குறட்டைக்கு ஆபரேஷன்: கேட்டவர்களுக்குப் பதில்

மடிப்பாக்கத்திலிருந்து: கணவருக்கு வயது 46. தூக்கப் பரிசோதனையில் ஏ.ஹெச்.ஐ. 42. தூங்கும்போது காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினின் மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறதாம். ஆபரேஷன் செய்தால் மெஷின் வேண்டாம்தானே?

ஏ.ஹெச்.ஐ. 42 என்றால், தூக்கத்தில் மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று அர்த்தம். 30 தொட்டாலே தீவிரம். முதலில் மாஸ்க்கை மாற்றிப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் முகம் முழுக்க மூடினால் யாருக்குத்தான் வியர்க்காது? மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் இருக்கிறது.

அதுவும் சரிப்படாவிட்டால், அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விடுவோம். விழித்திருக்கையில் விசாலமாகத் தெரிந்த தொண்டை, குறட்டை தொடங்கியதும் நனைந்த துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு உள்நாக்கும் அண்ணமும் (மேல்வாயின் பின்பகுதி) அடைக்கும். சிலருக்கு அடிநாக்கு பின்னால் சரியும். அடிநாக்கில் அடைப்பை வைத்துக்கொண்டு அண்ணத்தை வெட்டித் தைத்து என்ன பயன்? 'ஆபரேஷன் பலிக்கவில்லை' என்று வருகிற பலரின் கதை இதுதான். இரண்டு தாடைகளையும் முன்னுக்கு நகர்த்தும் ஆபரேஷனில் பலன் அதிகம், ஆனால் பெரிய வேலை. முகவெட்டும் கொஞ்சம் மாறும்.

எதைச் செய்தாலும் சில மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனை வேண்டும். சத்தம் அடங்கினாலும் மூச்சு நிற்பது தொடரலாம்.

பெரம்பூரிலிருந்து: ஆறு வயது மகன் வாயைத் திறந்தே தூங்குகிறான், குறட்டையும் உண்டு. படுக்கையும் நனைகிறது.

டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) பெருத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவர்களைப் போல இல்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அவற்றை எடுப்பதுதான் முதல் சிகிச்சை. படுக்கை நனைவதும் பல பிள்ளைகளுக்கு அதோடு குறையும்.

வில்லிவாக்கத்திலிருந்து: மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்தால் போதுமா?

அது மட்டும் போதாது, சார். ஆனால் மூக்கு திறந்தால் மாஸ்க் போடுவது சுலபமாகும்.

அடையாறிலிருந்து: அண்ண ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் வலி?

பத்துப் பதினைந்து நாள். விழுங்கும்போது காது வரை இழுக்கும். ஆறிய குழைந்த மோர் சாதம், இளநீர் சரி. முறுக்கு, காரக் குழம்பு பக்கம் போகாதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் எச்சிலோடு புது ரத்தம் வந்தால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.