போன் ஓரத்தில் பெயிண்ட் போய்விட்டது, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

செய்யலாம். ஆனால் உங்கள் போனின் உடம்பு எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். பின்பக்கம் கண்ணாடி என்றால் நிறம் அதன் உட்புறத்தில் இருக்கிறது. மேலே விழுந்த கீறலில் பெயிண்ட் பூசிப் பயனில்லை.

அலுமினிய ஃபிரேமில் இருப்பது பெரும்பாலும் பெயிண்டே அல்ல. அனோடைசிங் முறையில் உலோகத்தின் மேல் வளரும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் சாயம் ஏற்றியிருப்பார்கள். அது தேய்ந்தால் அடியில் வெள்ளி நிறம் பளிச்சென்று தெரியும். கருப்பு போன் என்றால் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டால் போதும், மறைந்துவிடும். கை வியர்வையில் கொஞ்ச நாளில் அழியும், மறுபடி போட வேண்டியதுதான்.

பிளாஸ்டிக் என்றால் அக்ரிலிக் பெயிண்ட் பேனா நல்லது. போனை அணைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். சார்ஜிங் துளை, மைக் துளைமேல் டேப் ஒட்டுங்கள். அப்புறம் பல்குத்தும் குச்சி நுனியில் பெயிண்டைத் தொட்டு, கீறலுக்குள் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஒரே தடவையில் அப்பினால் காய்ந்ததும் மரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். நான் அப்படித்தான் ஒரு போனைக் கெடுத்தேன்! மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது.

பூசியது பிசகினால் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துவிடாதீர்கள். பலவற்றில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கக்கூடும். திரைக் கீறலுக்குப் பற்பசை தேய்ப்பதும் வேண்டாம். விரல் ரேகை படியாமல் காக்கும் பூச்சுதான் தேயும்.