கலீனாவில் பழைய வீடு: ஜன்னலை மாற்றலாமா?

கேள்வி: இல்லினாய் மாநிலம் கலீனாவின் பழைய ஊர்ப் பகுதியில், 1850களில் கட்டிய செங்கல் வீட்டைக் குடியிருக்க வாங்கியிருக்கிறோம். மர ஜன்னல் வழியே குளிர் தாங்கவில்லை. வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் உள்ள பகுதி, ஆணிகூட அடிக்க முடியாது என்கிறார்கள். ஒரு ஏஜென்டோ, பிளாஸ்டிக் ஜன்னல் போடுங்கள், செலவில் 20 சதவீதத்தை வரியில் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: அவரை நம்பாதீர்கள். ஆணி பயமும் வேண்டாம். கலீனாவின் பழைய ஊர் 1969-லேயே தேசியப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆனால் நீங்கள் சொந்தப் பணத்தில் செய்யும் வேலையை அந்தப் பதிவேடு தடுக்காது. தடுக்கக்கூடியது நகர நிர்வாகத்தின் விதி. பதிவேட்டில் உள்ள பகுதி, நகர விதிக்கு உட்பட்ட பகுதி இரண்டையும் ‘ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்’ (வரலாற்றுப் பகுதி) என்றே அழைத்து மக்களைக் குழப்புகிறார்கள், எத்தனை வருஷமானாலும் மாற்ற மாட்டார்கள். நகர அலுவலகத்தில் முகவரியைக் கொடுத்து, ஜன்னலை மாற்ற அனுமதி தேவையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

அந்த 20 சதவீத வரிச் சலுகை வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும்தான். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டால்? அப்போது உண்டு, ஆனால் லேசில் வராது. வீட்டை 2,00,000 டாலருக்கு வாங்கினீர்கள், அதில் நிலத்தின் மதிப்பு 40,000 என்று வையுங்கள். பொதுவாக 24 மாதத்துக்குள், நிலம் போக மிஞ்சும் 1,60,000 டாலருக்கு மேல் புதுப்பிப்புக்குச் செலவழித்தால்தான் தகுதியே. வேலையைத் தேசியப் பூங்காத் துறை ஏற்க வேண்டும். தொகையும் 5 ஆண்டுகளில் பிரித்துத்தான் வரும். நாலு ஜன்னல் மாற்றி இந்தக் கணக்கை எட்ட முடியாது. இதையெல்லாம் சொல்லாமல் முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஜன்னலைக் கழற்றும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பல பழைய வீடுகளில் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு கயிறு ஓடும், அதன் முனையில் இரும்புக் குண்டு தொங்கும். கயிறு அறுந்தால் ஜன்னல் தூக்கிய இடத்தில் நிற்காது. கயிற்றை மாற்றினால் சரியாகிவிடும். இடுக்குகளை அடைத்து, வெளியே ‘ஸ்டார்ம் விண்டோ’ என்ற கூடுதல் ஜன்னல் ஒன்று போட்டால் குளிர் நன்றாகவே குறையும். அந்தக் கால மரம் வைரம் பாய்ந்தது, பழுது பார்க்கப் பார்க்க உழைக்கும். புது இரட்டைக் கண்ணாடியின் அடைப்பு விட்டால் உள்ளே பனி படியும், அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான்.

பழைய பெயிண்டை நீங்களே சுரண்டாதீர்கள். 1978-க்கு முந்தைய வீடுகளில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளுக்கு ஆபத்து. ஈயப் பெயிண்ட் வேலைக்கான சான்று பெற்றவரைக் கூப்பிடுங்கள், அந்தச் சான்றை வேலை தொடங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.