ஐயாயிரம் ரூபாய்க்கு சர்வர் வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: அவிநாசியில் மாடியில் வீடு, கீழே சின்னதாக ஒரு பவர்டேபிள் (மின் தையல் மெஷின்) யூனிட். நான்கு கேமராக்களின் பதிவு, குடும்பப் படங்கள், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள், பையன் லினக்ஸ் பழக ஒன்று. எல்லாவற்றையும் வீட்டில் ஒரே பெட்டியில் மெய்நிகர் இயந்திரங்களாக (ஒரு கணினிக்குள்ளேயே ஓடும் தனித்தனிக் கணினிகளாக) ஓட்ட ஆசை. இரண்டு ஜியான் (இன்டெலின் சர்வர் வகை) செயலியும் 64 ஜிபி ரேமும் உள்ள பழைய ரேக் சர்வரை ஒருவர் 5,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமுங்களா? இல்லை, ராஸ்பெரி பையே போதுமா?

பதில்: சர்வர் வேண்டாமுங்க. அந்தக் காலத்து இரட்டைச் செயலி சர்வர்கள் வேலையே இல்லாமல் சும்மா இருந்தாலும் 100 வாட் இழுப்பது சாதாரணம். இரவு பகலாக 60 நாள் ஓடினால் 144 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். சத்தம் வேறு. பக்கத்து அறையில் ஓரம்பரை படுத்தால் விடிவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ராஸ்பெரி பை கரண்டில் சிக்கனம்தான். ஆனால் அதன் செயலி ஆர்ம் வகை. உங்கள் கணக்கு மென்பொருளோ எக்ஸ்86 (வழக்கமான இன்டெல், ஏஎம்டி செயலி வகை) விண்டோஸுக்கானது. வளைத்து நெளித்து ஓட்டலாம், ஒரு வவுச்சர் போடுவதற்குள் டீ ஆறிவிடும்.

நான் வாங்கச் சொல்வது, அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டிக் கணினி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி, மூன்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் சரி. இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஐ5-8500டி செயலி என்றால் ஆறு கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி). அதற்கு 35 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அது முழுப் பாரத்துக்கான கணக்கு. வீட்டு சர்வர் நாளில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும், அப்போது எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கும். இந்தப் பெட்டிகள் அந்த நிலையில் 10 வாட்டை ஒட்டியே நிற்கும். 12 வாட் என்றே வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட் சொச்சம்.

கோர்களைவிட ரேம்தான் முதலில் தீரும். விண்டோஸுக்கு 8 ஜிபி, கேமராவுக்கும் படங்களுக்கும் நான்கு நான்கு, பையனுக்கு 2, மெய்நிகர் இயந்திரங்களை நடத்த அடியில் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளுக்கு 2. இதுவே 20 ஆகிவிட்டது. ஆகவே 32. புதிதாக வரும், இன்டெல் என்100 செயலி உள்ள பெட்டிகளை இந்த இடத்தில்தான் தள்ளி வைக்கிறேன்: நான்கு சிறு கோர், இன்டெல் சொல்லும் உச்ச ரேம் 16 ஜிபி. விண்டோஸ் மட்டும் இல்லையென்றால் அதையே சொல்லியிருப்பேன்.

கேமரா பதிவை மற்ற இயந்திரங்கள் இருக்கும் எஸ்எஸ்டியில் போடாதீர்கள். ஓயாமல் எழுதி எழுதி அது தேயும். 2.5 அங்குல இடத்தில் தனி டிஸ்க் போட்டுவிட்டால், அது கெட்டாலும் பழைய பதிவுகள் மட்டும்தான் போகும். கேமரா மென்பொருளைத் தனி மெய்நிகர் இயந்திரமாக இல்லாமல் கண்டெய்னராக (அடியில் ஓடும் லினக்ஸையே பகிர்ந்துகொள்ளும் லேசான தடுப்பாக) ஓட்டுங்கள். இன்டெல் கிராபிக்ஸை அதோடு பகிர்வது சுலபம், வீடியோ பிரிக்கும் பாரம் செயலியிலிருந்து இறங்கும். படங்களுக்கு வெளியே இன்னொரு பிரதி கட்டாயம்.

கடையில் வாங்கும்போது பயாஸுக்குள் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் அதைத் திறந்து தரச் சொல்லுங்கள், இல்லையேல் வேண்டாம். மெய்நிகர் இயந்திரங்களுக்கு உதவும் விடி-எக்ஸ், விடி-டி வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும். டெல் என்றால் அசல் அடாப்டரா என்று பாருங்கள். போலியை அது கண்டுபிடித்து செயலி வேகத்தைக் குறைத்துவிடும். கரண்ட் வந்ததும் தானே எழும் அமைப்பையும் பயாஸிலேயே போட்டுவிடுங்கள்.

நம் ஊரில் பராமரிப்புக்கு என்று பகல் முழுக்க மின்தடை வரும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி தீர்வதைக் கணினிக்குச் சொல்லாது. யூஎஸ்பி உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி இணைத்தால், சார்ஜ் குறைந்ததும் சர்வர் ஒழுங்காகத் தானே அணையும்.

அப்புறம், பெட்டி மாடியிலேயே இருக்கட்டும். என் மாமன் மகன் தையல் மேசைக்கு அடியில் வைத்தான். நாலு மாதத்தில் ஃபேன் முழுக்கப் பஞ்சு, தொட்டால் சுட்டது. மாடியில் வைத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.