ஹோஸ்டாவில் வெள்ளை போய்ப் பச்சை வருகிறதே!

கேள்வி: டொராண்டோவில் எங்கள் வீட்டுப் பின்புறம் மேப்பிள் மரத்தடியில் மூன்று வருஷத்துக்கு முன் 'ஃபயர் அண்ட் ஐஸ்' ஹோஸ்டா (இலையழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி) நட்டேன். இலையின் நடுவில் வெள்ளை, ஓரம் கரும்பச்சை, அவ்வளவு அழகு! இந்த வருஷம் ஒரு பக்கம் முழுப் பச்சை இலைகளாக வருகிறது, மற்ற பக்கம் மெலிகிறது. உரம் போதவில்லையா? தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு இதில் ஒரு துண்டு கொண்டுபோகலாமா?

பதில்: உரம் போடாதீர்கள், அது அந்தப் பச்சையைத்தான் இன்னும் கொழுக்க வைக்கும். இது நோயும் இல்லை. 1997இல் அமெரிக்காவில் ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்வான 'பேட்ரியட்' வகைக்கு ஓரம் வெள்ளை, நடு பச்சை. அதிலிருந்து தலைகீழாக மாறி வந்ததுதான் உங்கள் செடி. பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் ஒரே இலையில் சேர்ந்து வளர்கின்றன, எப்போதாவது ஒரு மொட்டில் வெள்ளைத் திசு விட்டுப்போனால் முழுப் பச்சைக் குருத்து கிளம்பிவிடும். அதன் இலை முழுக்க உணவு தயாரிப்பதால் மளமளவென்று வளர்ந்து, பாதி இலையில் பிழைக்கும் வெள்ளைக் குருத்தை ஓரம்கட்டிவிடும்.

அதனால் தள்ளிப்போடாதீர்கள். பச்சைக் குருத்தின் அடிமண்ணை விரலால் விலக்கினால் அது தூரோடு சேரும் இடம் தெரியும், அங்கே கத்தி வைத்து வேரோடு பிரித்தெடுங்கள். இலையை மட்டும் கிள்ளினால் மறுபடி முளைக்கும். கத்தியை முன்னும் பின்னும் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் செடியின் சாறு வழியாகப் பரவும், அதற்கு மருந்தே கிடையாது. எடுத்த துண்டைத் தனியாக நடலாம், நல்ல பச்சை ஹோஸ்டா கிடைக்கும்.

அப்புறம், இடம். நிழல் செடி என்றால் இருட்டில் வளரும் என்று அர்த்தமில்லை. நடு வெள்ளை வகைக்குக் காலை வெயில் இரண்டு மணி நேரமாவது வேண்டும், மதிய வெயில் பட்டால் வெள்ளை பழுப்பாகக் கருகிவிடும். மேப்பிள் வேரோ மேலாகவே படர்ந்து தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும். நான் ஒருமுறை அப்படி ஒரு மரத்தடியில் தோண்டியபோது மண்ணைவிட வேர்தான் அதிகம் வந்தது, கடைசியில் பெரிய தொட்டியில் வைத்துத்தான் அந்தச் செடியைக் காப்பாற்றினேன்.

தஞ்சாவூருக்கு வேண்டாம். ஹோஸ்டா குளிரில் சில வாரங்கள் உறங்கி எழ வேண்டிய செடி, அந்தக் குளிர் அங்கே இல்லை, பாவம், வாடிப்போகும். அம்மாவுக்கு அங்கேயே ஒரு கலேடியம் கிழங்கு வாங்கிக் கொடுங்கள். வெள்ளை இலையில் பச்சை நரம்போடு நிழலில் அருமையாக வரும்.