பூனைக்கு லுகேமியா வைரஸ் இருந்தால் கருணைக்கொலைதான் வழியா?

பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டது, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள், கருப்பியும் செம்பனும். இரண்டுக்குமே வைரஸ் இருப்பதாக வந்தது. எங்களுக்கும் இதே யோசனைதான் சொன்னார்கள். மனம் ஒப்பாமல் வேறொரு கால்நடை மருத்துவரிடம் போனோம். சில பூனைகளின் உடம்பு சில வாரங்களில் வைரஸை அடக்கிவிடும், மறுபடி பார்ப்போம் என்றார் அவர். 3 மாதம் கழித்துப் பார்த்தபோது கருப்பிக்கு நெகட்டிவ். வைரஸின் தடயம் எலும்பு மஜ்ஜையில் ஒளிந்திருக்கலாம், ஆனாலும் பெரும்பாலும் தொல்லை தராது என்று விளக்கினார். செம்பனுக்கு மட்டும் முடிவு மாறவில்லை.

இந்த வைரஸ் முக்கியமாக எச்சில் வழியாகத்தான் பரவுகிறது. இரண்டும் பிறந்தது முதல் ஒன்றன் காதை ஒன்று நக்கிவிட்டே தூங்குபவை. மருத்துவரிடம் பேசி, சேர்ந்தே இருக்கட்டும் என்று விட்டோம். உங்கள் வீட்டில் தொற்றே இல்லாத பூனை இருந்தால் எங்களைப் பின்பற்றாதீர்கள். தனி அறை, தனித் தட்டு, அந்தப் பூனைக்குத் தடுப்பூசி, மூன்றும் வேண்டும். மனிதருக்கோ நாய்க்கோ இது தொற்றாது.

லுகேமியா என்றால் ரத்தப்புற்று. அந்தப் பெயர்தான் எல்லோரையும் கலங்கடிக்கிறது. 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கால்நடை ஆய்வாளர் வில்லியம் ஜாரெட் குழுவினர் ரத்தப்புற்று வந்த பூனையிடம் கண்டறிந்ததால் அமைந்த பெயர் அது. புற்று வருவதும் உண்டுதான். ஆனால் பல பூனைகளை வீழ்த்துவது ரத்தசோகையும், எதிர்ப்புச் சக்தி குறைவதால் வரும் மற்ற தொற்றுகளும்தான். அதனால் செம்பனை வெளியே விடவில்லை, பச்சை இறைச்சி கொடுக்கவில்லை, கருத்தடை செய்தோம், 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தோம்.

ரத்தசோகை வந்தால் ஈறு வெளிறும் என்பதால், தினமும் காலையில் அவனை மடியில் போட்டு மேலுதட்டை லேசாகத் தூக்குவேன். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் அன்றைய பொழுது நிம்மதி. கோரைப்பல்லுக்கு மேலே மட்டும் கொஞ்சம் கருநிறப் புள்ளிகள் உண்டு, அவை முன்பிருந்தே உள்ளவை. ஒருநாள் அந்தப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. சுற்றியிருந்த ஈறு அவ்வளவு வெளிறிப்போயிருந்தது. அன்றே ஓடினோம். சிகிச்சையில் தேறி இன்னும் 5 மாதம் இருந்தான்.

கண்டறிந்த பிறகு இத்தகைய பூனைகளில் பாதி 2.5 ஆண்டு வரைதான் வாழ்கின்றன என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். செம்பன் 3 ஆண்டும் 2 மாதமும் இருந்தான். வெயில் விழும் சன்னலோரத்தை ஒருநாளும் அவன் விட்டதில்லை. முதல் வாரத்திலேயே ஊசி போட்டிருந்தால் கருப்பியும் போயிருப்பாள் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. அவளுக்கு இப்போது 9 வயது.

மறுபரிசோதனைக்கு நாள் குறித்துவிடுங்கள். இன்றிரவே உங்கள் பூனையின் ஈறு என்ன நிறம் என்று பார்த்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது கட்டாயம் தேவைப்படும்.