கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்த நான், முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குச் சைவரான அம்மாவோடு போகலாமா?

போங்கள். நீங்கள் கும்பிடாமல் அம்மாவுக்குத் துணையாகப் போவதில் விசுவாசத்துக்குப் பங்கமில்லை. சீரியப் படைத்தலைவன் நாகமான் இஸ்ரவேலின் கடவுளை ஏற்றபின்பும், தன் அரசனைத் தாங்கிக்கொண்டு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குள் போகவேண்டியிருந்ததே, தீர்க்கதரிசி எலிசா அவனைச் சமாதானத்தோடுதான் அனுப்பினார் (2 இராஜாக்கள் 5:18-19).

"வரமாட்டேன்" என்றதிலிருந்து அம்மா பேசுவதில்லை என்கிறீர்கள். பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்திருப்பார். இடம்பெயர்ந்து, ஆட்களைப் பறிகொடுத்த வன்னித் தாய்க்கு அது சின்னப் பயமா?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அம்மா, நான் கும்பிடமாட்டன். பானையும் விறகும் தூக்கித் தாறன், வரட்டோ?" முகம் தெளிந்தால் காரணம் அந்தப் பயம்தான்.

ஒன்று மட்டும். படைத்த பொங்கலைச் சாப்பிட மனச்சாட்சி இடம் தராவிட்டால் முதல்நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். சனத்துக்கு முன்னால் அவர் நீட்டிய இலையைத் தள்ளிவிடாதீர்கள்.