உயர்வு நவிற்சி பொய்யா?

கேள்வி: இலக்கணத்தில் 'உயர்வு நவிற்சி' என்று படித்தோம். பேச்சில் 'மிகைப்படுத்துகிறார்' என்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? அப்படியானால் கவிஞர்கள் சொல்வதெல்லாம் பொய்யா?

பதில்: தமிழாசிரியராக இருந்த காலம் முழுக்க மாணவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும்கூட.

நவிலுதல் என்றால் சொல்லுதல். ஒன்றை உயர்த்திச் சொல்வது உயர்வு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொன்னால் தன்மை நவிற்சி. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் உயர்வு நவிற்சி அணிக்கு 'அதிசயம்' என்று பெயர் வைத்து, 'ஆன்றோர் வியப்ப'த் தோன்ற வேண்டும் என்கிறது.

குறளில் 1120-ஐப் பாருங்கள்: 'அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்.' அனிச்சம், மோந்தாலே வாடுகிற பூ; விருந்தோம்பலில் வள்ளுவரே அப்படிச் சொல்கிறார். அந்தப் பூவும் அன்னத்தின் மெல்லிய இறகும் அவள் பாதத்தில் நெருஞ்சி முள்ளாகக் குத்துகின்றனவாம்! கேட்பவர் யாரும் இதில் ஏமாறுவதில்லை. ஆனால் அந்தப் பாதம் காதலன் மனத்தில் எவ்வளவு மென்மையானது என்பது நமக்கு அப்படியே வந்து சேர்ந்துவிடுகிறது. 'மிக மிக மென்மையான பாதம்' என்று எழுதியிருந்தால் வந்திருக்குமா?

மிகைப்படுத்துவது வேறு. அங்கே கேட்பவர் நம்பியாக வேண்டும். ஐந்நூறு பேர் வந்த கூட்டத்துக்கு ஐயாயிரம் பேர் என்று எழுதுவது மிகைப்படுத்தல். அதை அணி என்று நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். 'அளந்து விடுறான்', 'பீலா விடுறான்', 'கண்ணு காது மூக்கு வச்சுப் பேசுறாங்க' எல்லாம் இந்த வகை. 'கொலைப் பசி', 'தலை வெடிக்குது' என்கிறோமே, அவை உயர்வு நவிற்சி. யாரும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

நன்னூல் என்ற இலக்கண நூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லும் 'மிகைபடக் கூறல்' இந்த இரண்டிலும் சேராது. தேவைக்கு மேல் சொற்களை அடுக்குவதுதான் அது.

அப்புறம், இந்த 'என்றால் அது மிகையாகாது'. மேடையிலும் வாழ்த்து மடலிலும் இது இல்லாத பாராட்டே இல்லை. ஒருவரை மனமாரப் பாராட்டிவிட்டு, கூட்டிச் சொல்லவில்லை என்று நாமே ஏன் ஜாமீன் கொடுக்க வேண்டும்? அடுத்த முறை எழுதும்போது அந்த வாலை வெட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள்.